பச்சைக் கதவும் ஒரு ஜீப்பும்

மூக்கம்மாளின் கனவில் ஒரு கதவு வரும். பச்சைப் பெயிண்ட் அடித்த கதவு. மூணாறை ஒட்டிய பள்ளிவாசல் ஊரில், தேயிலை எஸ்டேட்டின் லயத்து வரிசை வீட்டில் முப்பத்தாறு வருஷம் இருந்தவளுக்குக் கதவு இல்லாமலா? இருந்தது. ஆனால் அது எஸ்டேட்காரன் கதவு. அடியில் நாலு விரல் சந்து. மஞ்சு, அதான் மலைப் பனிமூட்டம், யாரைக் கேட்கும்? அதுபாட்டுக்கு உள்ளே வந்து பாயில் படுத்துக்கொள்ளும். கனவுக் கதவைச் சாத்தினால் மட்டும் மஞ்சு வெளியே நின்றுவிடும். அந்தச் சுகத்தில் கொழுந்து கிள்ளும்போதே அவளுக்குக் கண் சொருகும்.

ஓய்வு பெற்றாள், லயத்தைக் காலி செய்தாள், தங்கச்சி வீட்டில் ஒண்டினாள். கிராஜுவிட்டியும் பி.எஃப்பும் வந்தன. அது சொந்த வீட்டுக் கதவுக்கான காசு. வந்த வாரமே மகன் லோகேஷ், ஆடிட்டர் ஜின்சனைக் கூட்டிக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தான். சுற்றுலாக்காரர்களை மலையேற்ற ஜீப் கம்பெனி ஒன்று பதிவு செய்திருந்தான். இரண்டு டைரக்டர் வேண்டுமாம்; இன்னொருத்தர் மூக்கம்மாள். கூத்தைக் கேட்டீர்களா! கூடை சுமந்தவள் ஒரே கையெழுத்தில் டைரக்டர்.

"காச ஷேரா போட்டிரும்மா. நம்ம கம்பெனிதான?" என்றான் லோகேஷ்.

ஜின்சன் தொண்டையைச் செருமினான். "சேச்சி, ஷேர்னா, கம்பெனி முங்கினா எல்லாருக்கும் கொடுத்து மிச்சமிருந்தாத்தான் உங்களுக்கு. கடனா கொடுங்க. வாங்குற ஜீப்ப ஈடா எழுதி ரிஜிஸ்டர் பண்ணலாம். அப்ப ஜீப்பு மேல முதல் பாத்தியதை உங்களுக்கு."

"பெத்த மகன்கிட்ட ஈடு வாங்குவியாம்மா?" லோகேஷின் முகம் செத்துப்போனது.

மூக்கம்மாளுக்கு 'சரி போ' என்பது நுனிநாக்கு வரை வந்துவிட்டது. அந்நேரம் பார்த்துக் கண்ணோரத்தில் பச்சைக் கதவு லேசாக ஆடியது.

"ஏலே, காச ஒனக்கா குடுக்கேன்? கம்பெனிக்குல்ல குடுக்கேன். கம்பெனிய நானா பெத்தேன்? எழுதச் சொல்லு."

எழுதிப் பதிந்தார்கள். அன்றோடு லோகேஷ் அவள் கையால் சாப்பிடுவதை நிறுத்தினான். மூணாறில் அறை எடுத்துக்கொண்டான். "மகன்கிட்டயே அடகு பிடிச்சவ" என்று லயமெல்லாம் பேச்சு. மூக்கம்மாள் அழுதாள். அழுதாலும் பத்திரத்தை டிரங்குப் பெட்டி அடியில் பத்திரமாக வைத்தாள்.

இரண்டு சீசன் நன்றாக ஓடியது. மூன்றாவது வருஷ மழையில் ரோடு சரிந்து மாதக்கணக்கில் அடைத்துக் கிடந்தது. கடன்காரர்கள் வந்தார்கள். கம்ப்யூட்டர் போனது, நாற்காலிகள் போயின. ஜீப்பின் மீது கை வைக்கப் போனவர்களுக்கு ஜின்சன் அந்தப் பத்திரத்தைக் காட்டினான். மூச்! ஜீப்பை விற்ற காசு மூக்கம்மாளுக்கு வந்தது. ஆனச்சால் ஊர் இறக்கத்தில் பழைய ஓட்டு வீடு ஒன்று வாங்கி, கதவுக்குத் தன் கையாலேயே பச்சை அடித்தாள்.

லோகேஷ் தன் சேமிப்பையெல்லாம் ஷேராகத்தான் போட்டிருந்தான். தம்படி தேறவில்லை.

ஒரு சாயங்காலம் முற்றத்து மஞ்சில் ஓர் உருவம் பையோடு நின்றது. கனவுதான் என்று நினைத்தாள். இருமலைக் கேட்டதும்தான் தெரிந்தது, மகன்.

"ஒரு வாரம் தங்கிக்கிடட்டுமாம்மா?" தலை நிமிரவில்லை. "வேணும்னா எழுதிக் குடுத்திருதேன்."

"போலே கூறுகெட்டவனே!" அவன் பையைப் பிடுங்கிக்கொண்டாள். "எழுதுனது கம்பெனிகிட்ட. நீ உள்ள வா. கதவச் சாத்து, மஞ்சு வருது."

லோகேஷ் சாத்தினான். மஞ்சு வெளியே நின்றது.