நடுவில் கழற்றிய வளையம்

சத்தம் நின்றபோதுதான் மூத்தவள் தலை நிமிர்ந்தாள். காலையிலிருந்து கடைக்குள் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்த கம்ப்யூட்டர் எம்பிராய்டரி மிஷின், பேசிக்கொண்டே இருந்தவன் வாயில் ஈ புகுந்ததுபோல் சட்டென்று நின்றுவிட்டது. சின்னச் சிவப்பு விளக்கு ஒன்று மட்டும் மினுக்கியது. அதன் கீழே, இரண்டு வளையங்களுக்கு நடுவே இறுக்கிப் பிடிக்கப்பட்ட கருஞ்சிவப்பு வெல்வெட்டில், ஒரு கலங்கரை விளக்கம் இடுப்பு வரைக்கும் எழும்பி நின்றது. கடலும் பாறையும் முடிந்திருந்தன. வெள்ளைக் கோபுரம் பாதி வந்திருந்தது. உச்சி விளக்கும் அதன் ஒளிக்கதிர்களும் இனிமேல்தான். பள்ளிக்கூடத்தின் கொடி அது. ஆண்டு விழா ஊர்வலத்தில் எல்லோருக்கும் முன்னால் போவது. தலைமையாசிரியை சாயங்காலம் தாமே வந்து வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்.

மிஷினுக்கு உரியவளான இளையவள், அவள் ஓரகத்தி, கடையில் இல்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்ததும் ஒரு செருப்பை மாட்டியும் மாட்டாமலும் ஓடினாள். ஓடும்போது வாசலில் திரும்பி, "அக்கா, அது பாட்டுக்கு ஓடட்டும். நின்னுச்சுன்னா அப்படியே விட்டுடுங்க, நான் வந்து பாத்துக்கறேன். நீங்க ஒண்ணும் பண்ண வேணாம்" என்றாள்.

நீங்க ஒண்ணும் பண்ண வேணாம். அந்த வார்த்தையைத்தான் மூத்தவள் அப்போதிலிருந்து கல் கடித்த வாய்போல் மென்றுகொண்டிருந்தாள். இந்த வீட்டில் ஒரு துணியைக் காட்டி அவளிடம் அப்படிச் சொல்ல மாமனாருக்கே வாய் வந்ததில்லை. போன துணி திரும்பி வரக்கூடாது என்பது அவர் வைத்துவிட்டுப்போன சட்டம். அவர் காலத்துக்குப் பிறகு அந்தச் சட்டத்தைக் கட்டிக் காத்தவள் இவள். பட்டன் பிய்ந்தது, ஓரம் பிரிந்தது என்று ஒருவரும் இந்தப் படியேறி வந்து முகம் சுளித்ததில்லை. காலால் மிதித்து, கையால் துணியை நகர்த்தி, கொடியும் பூவுமாக அவள் போட்ட தையலைப் பார்க்க அடுத்த தெருவுக்காரர்கள் வந்த காலம் உண்டு. இப்போதும் வருகிறார்கள். வந்து, அவளைத் தாண்டி உள்ளே போய், தானாக ஓடும் ஊசியை வாய் பிளந்து பார்க்கிறார்கள்.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஊரார் வாய் பிளப்பது ஊரார் பாடு. அவள் வீட்டுக்காரர் இருக்கிறாரே, அவர்தான் கடையின் தையற்காரர். கல்யாணமான நாளிலிருந்து பக்கத்து மிஷினில் உட்கார்ந்து தைக்கிறவர். ஒரு நாள், ஒரே ஒரு நாள், எழுந்து வந்து அவள் போட்ட பூவைக் குனிந்து பார்த்தவரில்லை. "முடிஞ்சுதா? மடிச்சு வை" என்பதற்கு மேல் ஒரு சொல் கிடையாது. அந்த மனிதர் இப்போதெல்லாம் தம்பி மனைவியின் மிஷின் எதிரே கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறார். தேர் வருவதைப் பார்க்கும் சின்னப் பையன்போல. முந்தாநாள், "என்ன வேகம் பாரேன், நம்மாலல்லாம் ஆகுமா?" என்றார். நம்மாலல்லாம் என்றால் யாரால்? அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

அவள் எழுந்து மிஷினருகே போனாள். என்ன ஆயிற்று என்பதை ஒருவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அடிநூல் தீர்ந்திருந்தது. பாபின் வெறும் எலும்பாகக் கிடந்தது. கிளம்பும் முன் பாபினைப் பார்க்காதவளெல்லாம் ஒரு தையற்காரியா என்று உள்ளே ஒரு குளிர்ச்சி பரவியது. பிறகு அவள் கண் வெல்வெட்டில் போய் நின்றது. வளையத்தின் விளிம்பு கடித்த இடத்தில் துணியின் ரோமம் படுத்துவிட்டிருந்தது. வெல்வெட்டை வேலையில்லாத நேரத்தில் வளையத்தில் விடாதே. விட்டால் தடம் விழும். விழுந்த தடம் போகாது. இந்த வீட்டுப் பாடத்தில் முதல் வரி அது. இளையவள் பாட்டுக்கு எலிப்பொறியில் எலியை விட்டதுபோல் விட்டுவிட்டுப் போயிருக்கிறாள்.

மூத்தவள் வளையத்தை மிஷினிலிருந்து உருவினாள். திருகைத் தளர்த்தினாள். உள்வளையம் பொத்தென்று கழன்று கையில் வந்தது. துணி சுருங்காமலிருக்க அடியில் ஒட்டியிருந்த தாளை, வெளியே துருத்திக்கொண்டிருந்த வரைக்கும், சுத்தமாகக் கிழித்தாள். பிறகு இஸ்திரிப் பெட்டியின் ஆவியைத் தூரத்திலிருந்து காட்டி, மெல்லிய பிரஷால் ரோமத்தைத் தடவி எழுப்பினாள். தடம் மறைந்தது. துணி உயிர் வந்ததுபோல் மினுங்கியது.

"பாத்தீங்களா? இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தா கொடியில வட்டமா தழும்பு விழுந்திருக்கும்" என்றாள், பக்கத்து மிஷினில் இருந்த கணவரிடம்.

தையற்காரர் பல்லிடுக்கில் இருந்த குண்டூசியை எடுத்தார். "அவ ஒண்ணும் பண்ண வேணாம்னுதானே சொல்லிட்டுப் போனா?"

"வெல்வெட்டுக்கு அவ சொன்னது தெரியுமா, நான் சொன்னது தெரியுமா?"

அவர் குண்டூசியை மறுபடி பல்லில் வைத்துக்கொண்டார். பதில் சொல்ல விருப்பமில்லாதபோது அவருக்குக் குண்டூசி உதவும்.

ஆனால் ஒன்று இருந்தது. போன வாரம் இளையவள் போனில் யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தாள். நடுவில் எது நின்றாலும் வளையத்தை மட்டும் கழற்றக்கூடாது, கழற்றினால் இடம் போய்விடும், மிஷினுக்குத் துணி தெரியாது, வளையம்தான் தெரியும் என்று. மூத்தவள் அப்போது முதுகைக் காட்டிக்கொண்டு துணி அளந்துகொண்டிருந்தாள். அந்தப் பேச்சு காதில் விழுந்தது. மனதில் விழுந்ததா என்று கேட்டால் அவளால் சத்தியம் செய்ய முடியாது. திருகைத் தளர்த்தும்போது விரல்கள் ஒரு கணம் தயங்கின என்பது மட்டும் உண்மை.

இளையவள் தோளில் பிள்ளையோடு வந்தாள். வெட்டும் மேஜையின் மேல், துணிக்குவியலில் அதைப் படுக்கவைத்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு திரும்பினாள். மிஷினில் வளையம் இல்லை. வெல்வெட் மேஜை ஓரத்தில் தளரச் சுருட்டி அழகாக வைக்கப்பட்டிருந்தது. அவள் முகம் வெளிறியதை மூத்தவள் பார்த்தாள். கத்தட்டும் என்று காத்திருந்தாள். கத்தினால் வெல்வெட்டின் பாடத்தை முதல் வரியிலிருந்து ஒப்பிக்கத் தயாராக நாக்கு நுனியில் வைத்திருந்தாள்.

இளையவள் கத்தவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து சுருளைப் பிரித்து, அரைக் கோபுரத்தை உள்ளங்கையால் ஒருதரம் தடவினாள்.

"என்னம்மா, கெட்டுப்போச்சா?" தையற்காரர் எழுந்தே வந்துவிட்டார்.

"பாபின் பாக்காம கெளம்பிட்டேன் மாமா. என் தப்புதான்."

"வளையத்தக் கழட்டுனது..." என்று அவர் மனைவியின் பக்கம் பார்த்தார்.

"வெல்வெட்டாச்சே, அக்கா பயந்திருப்பாங்க. நான்தான் முன்னாடியே சொல்லி வெச்சிருக்கணும்."

மூத்தவளுக்கு உடம்பு எரிந்தது. ஒரு திட்டு வாங்கும் தகுதிகூடவா எனக்கு இல்லாமல் போயிற்று? பெருந்தன்மை என்பது இந்த வீட்டில் மூத்தவர்கள் சின்னவர்களுக்குக் காட்டுவது. அதையும் அவள் எடுத்துக்கொண்டாள். மிஷினை எடுத்துக்கொண்டாள், வாடிக்கையை எடுத்துக்கொண்டாள், அவரைக் கையைக் கட்டி நிற்கவைத்தாள். கடைசியில் மன்னிப்பையும் முந்தி எடுத்து நீட்டிவிட்டாள். வாங்கிக்கொள்வதைத் தவிர இவளுக்கு வேறு வழி வைக்கவில்லை.

"வேற துணி?" என்றார் அவர்.

"அந்தச் சிவப்புல வேற கெடைக்காதாம். பீரோவில பத்திரமா வெச்சிருந்ததாம் அந்த டீச்சரம்மா." இளையவள் முடியை அள்ளி முடிந்தாள். "பாப்போம் மாமா. விட்ட எடத்துலயே ஊசிய எறக்கிட்டா போதும்."

அவள் வேலையில் இறங்கினாள். முழுச் சித்திரத்தையும் அதே அளவில் தாளில் அச்செடுத்து, நடுவே பெருக்கல் குறி போட்டு, வெட்டி, பாறையோடு பாறையும் கடலோடு கடலும் பொருந்தும்படி வெல்வெட்டின் மேல் குண்டூசியால் குத்தினாள். அடியில் புதுத் தாள் வைத்தாள். வளையத்தை மாட்டினாள். சரியில்லை, மயிரளவு சாய்ந்திருந்தது. கழற்றினாள். மறுபடி மாட்டினாள். திரையைத் தட்டித் தட்டி, மிஷின் போட்ட தையலிலேயே பின்னோக்கிக் கொஞ்ச தூரம் போனாள். வெல்வெட்டின் ரோமத்துக்குள் பழைய ஊசித்துளை தெரியவில்லை.

"அக்கா, இந்த லைட்டக் கொஞ்சம் பிடிங்க."

மூத்தவள் பிடித்தாள். இருவர் தலையும் முட்டும் அளவுக்கு நெருங்கின. பிள்ளையின் வாந்தி வாடை இளையவள் தோளிலிருந்து வந்தது. துடைத்துக்கொள்ளக்கூட அவளுக்கு நேரமிருக்கவில்லை. அவள் பக்கச் சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்ற, ஊசி இறங்கி, துணியைத் தொடாமல் நின்றது. வலது பக்கம் தள்ளியிருந்தது. திரையில் ஒரு தட்டு. மறுபடி சக்கரம். மூத்தவளுக்குள் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். சரியான இடத்தில் இறங்காதே, தவறிப்போ, எல்லோர் எதிரிலும் தவறிப்போ என்றாள் ஒருத்தி. ஐயோ, இந்தப் படியிலிருந்து முதல் துணி கெட்டு இறங்கப் போகிறதே என்று பதறினாள் மற்றவள். இருவரும் ஆளுக்கொரு பக்கம் இழுத்ததில் வெளிச்சம் ஊசியை விட்டு விலகியது.

"ஆட்டாம பிடி" என்றார் தையற்காரர், பின்னாலிருந்து. "மாமியார் ஒடச்சா மண்குடம், மருமக ஒடச்சா பொன்குடம்னுவாங்க. நம்ம வீட்டுல மூத்த மருமக ஒடச்சத இளைய மருமக ஒட்டவைக்கிறா."

அவர் சிரிப்புக்குத்தான் சொன்னார். சிரித்ததும் அவர் மட்டும்தான்.

ஊசி இறங்கியது. மிஷின் மெதுவாக, பிறகு வழக்கமான வேகத்தில் ஓடியது. வெள்ளைக் கோபுரம் இடுப்பிலிருந்து எழுந்து தோள் கண்டது. விளக்கறை வந்தது. மஞ்சள் நூல் மாற்றியதும் கதிர்கள் ஒவ்வொன்றாக விரிந்தன. கடைசிக் கதிர் முடிந்தபோது தையற்காரர் தொடையில் தட்டி, "ஒட்டிடுச்சு பாரு! எங்க விட்டதுன்னே தெரியல!" என்றார். காய்ச்சலில் கிடந்த பிள்ளை கண்ணைத் திறந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் படுத்தது. இளையவள் வெல்வெட்டை எடுத்து, ஆவி காட்டி, மூத்தவள் செய்ததுபோலவே ரோமத்தைத் தடவி எழுப்பினாள். அந்தப் பிரஷை எங்கிருந்து எடுப்பது, எந்தப் பக்கம் தடவுவது எல்லாம் அவளுக்குத் தெரிந்திருந்தது. எப்போதோ பார்த்து வைத்திருக்கிறாள்.

துணியை ஜன்னல் பக்கம் சாய்த்தபோதுதான் மூத்தவள் அதைப் பார்த்தாள். கோபுரத்தின் இடுப்பில், பழைய தையலும் புதுத் தையலும் சேரும் இடத்தில், ஒரு கோடு. இடது ஓரத்தில் ஒட்டி, வலது ஓரம் போகப் போக விலகி, கடைசியில் ஒரு மயிர் அகலத்துக்குச் சிவப்பு தெரிந்தது. நேராகப் பிடித்தால் இல்லை. சாய்த்தால் இருக்கிறது. ஊர்வலத்தில் காற்றடித்துக் கொடி ஆடினால் இருக்கும்.

அவள் கணவரைப் பார்த்தாள். கோடு அவர் கண்ணில் பட்டதாகத் தெரியவில்லை. இளையவளைப் பார்த்தாள். அவள் நூல் நுனிகளை வெட்டிக்கொண்டிருந்தாள். சொல்லவேண்டியதுதான். குறையோடு ஒரு துணி வெளியே போகக்கூடாது, அது வீட்டு மானம். ஆனால் சொல்லவேண்டும் என்று நினைத்த அதே கணத்தில் நாக்கில் ஒரு தித்திப்பு ஊறியதே, அது எதன் தித்திப்பு? மானமும் பொறாமையும் ஒரே வாக்கியத்தை அவளிடம் நீட்டின. எந்தக் கையிலிருந்து வாங்குகிறோம் என்று தெரியாமல் அதைச் சொல்ல அவளுக்குக் கூசியது. வாழ்க்கையில் முதல் தடவையாக, ஒரு குறையைப் பார்த்துவிட்டு அவள் வாயை மூடிக்கொண்டு நின்றாள்.

தலைமையாசிரியை குடையை மடக்கிக்கொண்டு வந்தார். கொடியை விரித்ததும், "அடடா! அச்சு அசல் அப்படியே இருக்கே!" என்றார். "யார் போட்டது?"

தையற்காரர் முந்திக்கொண்டார். "நம்ம சின்னவதான். தம்பி வீட்டம்மா."

நம்ம சின்னவ. அவர் சொன்ன விதத்தில் இருந்த பெருமை, மூத்தவள் தன் பெயருக்குப் பின்னால் இத்தனை வருஷம் கேட்கக் காத்திருந்தது. தலைமையாசிரியை துணியைச் சுருட்டத் தொடங்கினார்.

"கொஞ்சம் இருங்க டீச்சர்."

எல்லோரும் திரும்பினார்கள்.

"இன்னும் முடியல. நடுவுல ஒரு கோடு நிக்குது."

இளையவளின் கத்தரி நின்றது. தையற்காரரின் முகம் சுருங்கியது. அந்தச் சுருக்கத்துக்கு அர்த்தம் அவளுக்குத் தெரியும். உன்னால் பொறுக்க முடியாதே.

"எனக்கு ஒண்ணும் தெரியலையேம்மா" என்றார் தலைமையாசிரியை, கண்ணாடியை ஏற்றி இறக்கி.

"சாய்ச்சுப் பாருங்க, தெரியும்." மூத்தவள் முதுகை நிமிர்த்திக்கொண்டாள். ஆணையிடும் குரலிலேயே, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தாள். "அது அவ தப்பில்ல. அவ அப்படியே விடச் சொல்லிட்டுத்தான் போனா. நடுவுல வளையத்தக் கழட்டுனது நான்."

தலைமையாசிரியை சுருட்டியதைப் பிரித்தார்.

"உக்காருங்க. சரி பண்ணித் தர்றேன்."

அவள் துணியை வாங்கிக்கொண்டு தன் மிஷினில் போய் உட்கார்ந்தாள். வெள்ளை நூலை ஊசியில் கோத்தாள். முதல் தடவை நூல் காதில் நுழையவில்லை. வெல்வெட்டை ஊசிக்கடியில் வைத்துக் கோபுரத்தின் இடுப்பைத் தேடினாள். வளையம் போட்டால் தடம் விழும். போடாவிட்டால் துணி நழுவும். அவள் யோசித்து முடிப்பதற்குள் எதிர்ப்பக்கம் இளையவள் வந்து நின்று, துணியின் விளிம்பை இரண்டு கைகளாலும் பற்றி, துணி நழுவாத அளவுக்கு, வேண்டிய மட்டும் இழுத்துப் பிடித்தாள்.

"இந்தளவு போதுமாக்கா?"

"போதும். மூச்சு விடாத."

பக்கத்து மிஷின் ஓடவில்லை. அவர் எழுந்துவிட்டார். நாற்காலி நகர்ந்தது. காலடி வந்து அவள் முதுகுக்குப் பின்னால் நின்றது. அவர் மூச்சு அவள் பின்கழுத்தில் பட்டது. அவர் குனிந்து பார்க்கிறார். துணியை நகர்த்தப்போகும் தன் கையையா, எதிரே விளிம்பைப் பிடித்திருக்கும் இளையவளின் கையையா என்று திரும்பிப் பார்க்க அவளுக்குத் துணிவு வரவில்லை. கால் மிதியில் இருந்தது. ஊசிமுனை, ஒரு மயிர் அகலச் சிவப்புக்கு மேலே, இறங்காமல் நின்றது.