படகு ஏறும் இடம்

சந்தையிலிருந்து திரும்பிக் கடற்கரையைப் பார்த்ததும் என் கையிலிருந்த தக்காளிக் கூடை நழுவிவிட்டது. என் புருஷன் ஃபிதென்சியோவின் படகு ஏற வேண்டிய இடத்தில் ஒரு பெரிய வெள்ளை வேன் நின்றிருந்தது. ஜன்னலுக்குத் திரை, கூரையில் சைக்கிள், வாசலில் பாய் விரித்து நாற்காலி. வீட்டையே சக்கரத்தின் மேல் கட்டி ஓட்டிக்கொண்டு வருகிற கூட்டம்.

அன்றைக்குக் கடல் கெட்டிருந்தது. துறைமுக ஆபீசில் சிவப்புக் கொடி ஏற்றிவிட்டார்கள். எங்கள் ஊர் புந்தா கரிசோவில் எல்லாரும் படகை மேலே இழுத்துப் போட்டுவிட்டுச் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். என் வீட்டு மகாராஜா மட்டும் கொடி ஏறுவதற்கு முன்பே தன் தம்பியைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். கடல் அவருக்கு மட்டும் தனியாகச் சொல்லி அனுப்பும் போலிருக்கிறது.

எங்கள் கரையில் படகை மெல்லக் கொண்டுவந்து நிறுத்த முடியாது. பாறைகளுக்கு நடுவே ஒரே ஒரு வழிதான். அலையின் முதுகில் ஏறி, இன்ஜினை முழு வேகத்தில் விட்டு, மணலில் பாய்ந்து மேடு வரைக்கும் ஏற வேண்டும். நடுவில் தயங்கினால் அடுத்த அலை கவிழ்த்துவிடும். அதற்காகத்தான் மற்றப் படகுகளுக்கு நடுவே அந்த இடத்தைக் காலியாக விட்டிருந்தோம். வந்தவர்களோ அது தங்களுக்கென்றே ஒதுக்கியது என்று நினைத்துக்கொண்டார்கள்.

“வண்டிய எடுங்க. இப்பவே எடுங்க,” என்று கத்திக்கொண்டே ஓடினேன்.

நாற்காலியில் இருந்தவர் ரோலாண்ட் என்ற கனடாக்காரர், வயதானவர். கூட அவர் மனைவி ஒடெட். இருவருக்கும் எங்கள் பேச்சு தட்டுத் தடுமாறி வந்தது. படகு வரும் வழி என்று நான் கையைக் காட்டிச் சொன்னதும் அவர் முகம் வெளுத்துவிட்டது. ஏறி உட்கார்ந்து வண்டியைப் பின்னால் எடுத்தார். சக்கரம் சுழன்று சுழன்று மணலைத் தோண்டியதுதான் மிச்சம். அச்சு வரைக்கும் புதைந்துவிட்டது.

சீட்டை எறிந்துவிட்டு எல்லாரும் ஓடிவந்து தள்ளினார்கள். அசையவில்லை.

“மேல ஏறாது லாலி,” என்றார் டோன் மெலித்தோன். கரையில் நின்று படகுகளுக்குச் சைகை காட்டுவது அவர்தான். “மணலு மாவு மாதிரி கெடக்கு.”

“கூட்டுறவு லாரிய வரச் சொல்லுங்க.”

“அது ஐஸ் எடுக்க டவுனுக்குப் போயிருக்கு. சாயங்காலந்தான் வரும்.”

அப்போதுதான் படகு தெரிந்தது. அலை உடையும் இடத்துக்கு வெளியே, ஏறி இறங்கி, மறைந்து தெரிந்தது. மெலித்தோன் சட்டையைக் கழற்றித் தலைக்கு மேல் குறுக்கே வீசினார். வராதே என்று அர்த்தம்.

ஃபிதென்சியோ எழுந்து நின்றார். சிவப்புப் பெட்ரோல் கேனைத் தூக்கி, எல்லாரும் பார்க்கத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினார். ஒரு சொட்டும் விழவில்லை.

டாங்கில் கிடப்பதுதான் மிச்சம். இன்ஜின் நின்றுவிட்டால் அலை அவர்களைப் பாறையில் கொண்டுபோய் அடிக்கும்.

ஒடெட்டின் பக்கம் திரும்பினேன். “கடலப் பாத்துக் காப்பி குடிக்க உங்களுக்கு வேற எடமே கெடைக்கலையா? அங்க நிக்குறது எம் புருஷன். அவருக்கு ஒண்ணு ஆச்சுன்னா நீயா வந்து பதில் சொல்லுவ?”

அவளுக்குப் பாதி புரிந்திருக்கும். அந்தப் பாதியே போதும்.

ரோலாண்ட் மெலித்தோனின் தோளைத் தொட்டார். “கீழ போகுமா? கடல் பக்கம்?”

“கீழ போகும். சரிவு இருக்கு, நாங்களும் தள்ளுவோம். ஆனா திரும்ப ஏறாது, ஐயா.”

“கீழ போயி, இந்தப் பக்கம் பாறை ஓரமா ஒடிச்சுட்டா, வழி விடுமா?”

“விடும்.”

அவர் மனைவியைப் பார்த்தார். “வீட்ட வித்துட்டுத்தான் இத வாங்கினோம்,” என்றாள் அவள், யாரிடமும் இல்லாமல், எங்கள் பேச்சிலேயே. உள்ளதைச் சொன்னால், அந்த நேரத்தில் எனக்கு அவள் வீடு பெரிதாகப் படவில்லை.

அவள் உள்ளே போய் ஒரு மருந்துப் பையை மட்டும் எடுத்துக்கொண்டு இறங்கினாள். இறங்கி, சரியென்று தலையை ஆட்டினாள்.

ரோலாண்டின் இடுப்பில் ஒரு கயிற்றைக் கட்டி, மறுமுனையைத் மேட்டில் நின்ற ஒரு படகில் முடிந்தார்கள். அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தார். முன்சக்கரத்து மணலைக் கையால் வாரித் தள்ளினோம். தோள் கொடுத்துத் தள்ளியவர்களில் ஒடெட்டும் இருந்தாள். வண்டி ஒரு முறை முனகி, நகர்ந்து, பிறகு தானாகவே உருளத் தொடங்கியது. ஈர மணலில் வேகம் எடுத்தது. தண்ணீரில் இறங்கும்போது பாறைப் பக்கம் ஒடித்தார். முதல் அலை கதவில் அறைந்தது. அடுத்தது வண்டியைப் பக்கவாட்டில் சாய்த்தது.

கிழவரைக் காணோம். ஒடெட் என் கையைப் பிடித்த பிடியில் எலும்பு வலித்தது.

கயிற்றை இழுத்தார்கள். ஜன்னல் வழியாகத் தலை வந்தது, தோள் வந்தது. இருமிக்கொண்டே மணலில் வந்து விழுந்தார். நெற்றியில் ரத்தம். அவரை ஓரமாக இழுத்துப் போட்டதும் மெலித்தோன் சட்டையை மேலும் கீழுமாக வீசினார்.

வா.

படகு ஒரு பெரிய அலையின் முதுகில் ஏறியது. இன்ஜின் அலறியது. பாறைகளுக்கு நடுவே வந்து, மணலில் பாய்ந்து, சற்று முன்பு வேன் நின்ற இடத்தையும் தாண்டிப் போய் நின்றது. மேட்டுக்கு வந்ததும் இன்ஜின் தானாகவே அணைந்தது.

ஃபிதென்சியோ குதித்து இறங்கினார். பயந்ததை மறைக்கச் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். கடலில் சாய்ந்து கிடந்த வேனைப் பார்த்தார். உள்ளேயிருந்து ஒரு தலையணை மிதந்து வந்துகொண்டிருந்தது.

“எந்தப் பைத்தியக்காரன்யா வண்டியக் கொண்டுபோய்க் கடல்ல விட்டது?”

நான் போய் ஓங்கி ஓர் அறை விட்டேன்.

“மரியாதையாப் பேசு,” என்றேன். “இனிமே அவங்க நம்ம வீட்லதான் இருக்கப்போறாங்க.”