ஊதிப் பார்க்காத கையுறை

கல்லைக் கரைக்கும் அமிலத்தைத் தொடுமுன் கையுறையை ஊதித் தண்ணீரில் அமுக்கி, குமிழி வருகிறதா என்று பார்க்க வேண்டும். அந்த ஆய்வுக்கூடத்து வழக்கம் அது.

“ஊதிப் பாத்தீங்களா அண்ணி?” அடுத்த மேசையிலிருந்து நாத்தனார் கேட்டாள். வீட்டிலும் இவள்தான், வேலையிலும் இவள்தான்.

“பாத்தாச்சுடி பலூன்காரி!” கூசாமல் பொய் சொன்னாள் அண்ணி.

“பதறாத காரியம் சிதறாது. தண்ணி கலந்த அமிலம் உடனே சுடாது அண்ணி. சத்தமில்லாம எலும்புக்குப் போயிடும்.”

அண்ணிக்கு எங்கே காதில் ஏறியது! மனசெல்லாம் கல்லுக்குள் இருந்தது. நிலத்தில் முதன்முதல் முளைத்த செடிகள் விதை போடவில்லை, ஸ்போர் என்ற தூளைத்தான் உதிர்த்தன; அது கல்லுக்குள் புதைந்து கிடந்தது. பழைய ஸ்போர்கள் நாலு நாலாக ஒட்டிக்கிடக்கும். பிற்பாடுதான் அவை தனித்தனியாகப் பிரிந்தன. ஒட்டியிருந்த இடத்தில் மூன்று கோடு தழும்பாக நின்றது. இவ்வளவு பழைய கல்லிலேயே பிரிந்த ஸ்போர் இருக்கும் என்று அண்ணி அடித்துச் சொல்லியிருந்தாள். துறையே சிரித்தது. அந்தச் சிரிப்பு அவளுக்குள் முள்ளாகக் கிடந்தது.

கரைசலை வடித்தபோது கையுறைக்குள் ஒரு விரல் நசநசத்தது. வியர்வை என்று நினைத்தாள். கையுறையைக் கழற்றி, விரலைக் கைக்குட்டையில் துடைத்துவிட்டு நுண்ணோக்கியில் குனிந்தாள்.

நாலு. மறுபடி நாலு. மத்தியானச் சாப்பாட்டையும் மறந்து தேடினாள். சாயங்காலம் ஒன்று தனியாக வந்தது, முதுகில் மூன்று கோட்டோடு. கல்லைத் தின்ற அமிலத்தால் அதன் தோலைக் கீறக்கூட முடியவில்லை.

“அடியே, ஓடி வா!”

நாத்தனார் பார்த்தாள். “அடேங்கப்பா! சிரிச்சவங்க மூஞ்சில கரியப் பூசிட்டீங்க!” என்று அண்ணியின் கையைப் பிடித்துக் குலுக்கினாள். அண்ணி அம்மா என்று அலறிவிட்டாள்.

விரலில் காயமில்லை, நகத்தடியில் மட்டும் வெளிறியிருந்தது. உள்ளே யாரோ திருகுவதுபோல் வலித்தது.

நாத்தனார் மேசையில் கிடந்த கையுறையை ஊதித் தண்ணீரில் அமுக்கினாள். விரல் நுனியிலிருந்து பொடிப்பொடியாகக் குமிழிகள் கிளம்பின. அமிலத்துக்கென்றே வைத்திருந்த மருந்துக் களிம்பை அப்படியே பிதுக்கி அண்ணியின் விரலில் அப்பினாள்.

“வலி எப்பலேருந்து அண்ணி?”

“இப்பதான்டி. இப்பதான் ஆரம்பிச்சுது.”

“ஈரம் எப்பலேருந்து?”

அண்ணி ஜன்னலைப் பார்த்தாள். வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது.

“காலையிலேருந்து,” என்றாள்.