முன்னால் நடந்தவன்

"பெட்டியைத் தொறக்க வேண்டாமுங்க அக்கா," என்றான் மாணிக்கம். அதற்குள் சுகுணா மூடியின் முதல் ஆணியைக் கொடுவாளால் நெம்பியிருந்தாள்.

உள்ளே அவள் தம்பி சந்தோஷ்குமாரின் உடல். ஆறு வருஷத்துக்கு முன், மலையேறிப் பழகிய பையன்கள் வேண்டுமென்று இந்த மலையின் அரியூர் நாட்டுக்கே வந்து ஆள் எடுத்தது ஒரு மத்திய அரசுப் படை. எடுத்தவர்களை வடக்கே, வேறொரு மலைச்சனம் வாழும் காட்டில் முகாம் போட்டு நிறுத்தியது. மாணிக்கமும் அதே முகாம், இதே மலையில் திண்ணனூர் நாட்டுக்காரன். பெட்டியோடு வந்த, தமிழ் தெரியாத அதிகாரியின் பேச்சை எடுத்துச் சொல்ல உடன் வந்திருந்தான்.

"எதனால செத்தான்?"

"பாம்புங்க. வலது கால்ல. போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட்லயே இருக்குதுங்க." சொல்லும்போது அவன் அவளைப் பார்க்கவில்லை.

போன வாரம்தான் தம்பி போனில் பேசினான். "அவங்களும் நம்மளாட்டந்தான் அக்கா. தினை போடறாங்க, சாமை போடறாங்க. காட்டுத்தடம் எங்களுக்குத்தான் புரியும்னு எங்களையே முன்னால உடறாங்க. இனிமே அந்த ஊருக்குள்ள துப்பாக்கியோட போமாட்டேன்னு சொல்லிப்போட்டேன்."

வாசலில் அப்பா அர்த்தனாரி, கையெழுத்துப் போட அதிகாரி கொடுத்த காகிதத்தையும் பேனாவையும் மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார். சாவில் சந்தேகம் இல்லை என்று அதில் எழுதியிருப்பதாக மாணிக்கம் படித்துச் சொல்லியிருந்தான்.

"குளிப்பாட்டாம எப்படிப் பொதைக்கறது?" என்றாள் சுகுணா. மாணிக்கம் அதை இந்தியில் சொன்னான். அதிகாரி கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார்.

உடலை உள்ளே கொண்டுபோய்க் கிடத்தினார்கள். வலது காலை முதலில் கழுவினாள், பிறகு இடது. பல் பட்ட தடமோ வீக்கமோ இல்லை. தலையைத் தூக்கித் தண்ணீர் ஊற்றும்போது பிடரியில் விரல் தட்டுப்பட்டது. சுண்டுவிரல் நுழையுமளவு ஓட்டை. பஞ்சை அடைத்து மேலே முடியை வாரிவிட்டிருந்தார்கள்.

நிமிர்ந்தாள். நிலைப்படியில் நின்ற மாணிக்கமும் அதைப் பார்த்திருந்தான். அதிகாரி எட்டிப் பார்க்க வந்தபோது, நகர்ந்து வழியை அடைத்து நின்றுகொண்டான்.

"அவனுக்குப் பின்னால நடந்து வந்தது யாரு?" என்று மெல்லக் கேட்டாள்.

"எனக்கு இன்னும் ஒம்பது வருஷம் சர்வீஸ் இருக்குதுங்க அக்கா."

அவள் போனை எடுத்தாள். அவன் நகரவில்லை. மூன்று படம் எடுத்தாள்.

பிறகு வெளியே வந்து அப்பாவின் மடியிலிருந்த காகிதத்தை எடுத்தாள்.

"ஏன் கண்ணு?"

"பொதைக்க வேண்டாமுங்கப்பா. மறுபடி அறுத்துப் பாக்கச் சொல்லோணும்."

அர்த்தனாரி கையெழுத்துப் போடவில்லை. பேனாவை மூடி அதிகாரியிடம் நீட்டினார்.

மரியாதைக்குச் சுட வந்த ஆறு பேரும் வரிசை கலையாமல் நின்றிருந்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து அவர்களில் ஒருவன் துப்பாக்கியைத் தோளிலிருந்து இறக்கிக்கொண்டு பலாமரத்து நிழலுக்கு நகர்ந்தான்.