ராஜாங்கத்தின் கையில் மூன்று வாட்ச்

சிங்கப்பூரில் இருக்கும் என் மாப்பிள்ளை வளவனுக்கு ஒரே ஒரு கெட்ட பழக்கம். அந்த ஆடம்பர ஸ்மார்ட் வாட்ச் புதிதாக ஒன்று வரப்போகிறதென்று சேதி கிடைத்தால் போதும், கடை வாசலில் பாய் விரித்துப் படுத்துவிடுவார். கம்பெனி பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் நாளைக்கே ஜங்ஷன் ரோட்டில் கிளை திறந்து என் கழுத்தில் மாலை போட்டுவிடுவார்கள். புதியது அவர் கைக்கு ஏறியதும் பழையது மாமனாராகிய என் கைக்கு இறங்கும். இப்படியே முதல் தலைமுறை, இரண்டாம் தலைமுறை, மூன்றாம் தலைமுறை என்று மூன்றும் என்னிடம் சேர்ந்துவிட்டன. அரபு ஷேக்குகளிடம்கூட இரண்டுதான் இருக்குமாம்.

ரயில்வே டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்தே ரிட்டையர் ஆனவன் நான். வேறு வேலை கிடையாது. தினசரி கட்டிக்கொள்ள மூன்றில் எது தேவலை என்று ஆராய்ச்சி நடத்தி, காலை தோறும் ஸ்டேஷன் எதிரே நடராசன் டீக்கடையில் முடிவுகளை வெளியிட்டு வந்தேன்.

முதல் தலைமுறை, அம்மிக்கல்லுக்குத் தம்பி. அதைக் கட்டிக்கொண்டு நடந்தால் உடம்பு இடது பக்கம் சாய்ந்து, பெரியார் நகருக்குக் கிளம்பியவன் பாலக்கரையில் போய் நிற்பேன். சாயங்காலம் விளக்கு வைக்கும் முன்பே அதற்கு உயிர் போய்விடும். இரண்டாம் தலைமுறை, தங்கப் பூச்சு. கல்யாண வீட்டில் பந்தியில் முதல் இலை கிடைக்கும். ஆனால் நம்மூர் வெயிலில் அதன் முகத்தில் ஒன்றும் தெரியாது, மணி பார்க்க ஒரு மரத்தடி தேட வேண்டும். தோல் பட்டை வேர்வையில் ஊறிக் கருவாடாக மணக்கும். மூன்றாம் தலைமுறை இருக்கிறதே, அது காற்று. கட்டியிருப்பதே மறந்துபோய், கையிலேயே வைத்துக்கொண்டு வீடெல்லாம் தேடியிருக்கிறேன். சார்ஜ் போட்டால் மூன்று நாள் நிற்கும். பக்கவாட்டுப் பொத்தானில் விரலை வைத்தால் இருதயத்தையே கோடு கோடாக வரைந்து காட்டும்.

என் முடிவுகளை ஏற்காத ஒரே ஆள் ராஜாங்கம். செராமிக் தொழிற்பேட்டையில் சூளையிலிருந்து இறங்கும் பீங்கான் ஃபியூஸ் கட்டைகளைத் தட்டிப் பார்த்து, ஓசையை வைத்தே நல்லது எது, விரிசல் எது என்று பிரித்தவர். அந்தப் பேட்டையில் வேலை பார்த்தவர்கள் எதையும் தட்டாமல் நம்ப மாட்டார்கள். டீ கிளாசைத் தட்டுவார்கள், பூசணிக்காயைத் தட்டுவார்கள், பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையின் மண்டையைத் தட்டியவர்களும் உண்டு. ராஜாங்கம் என் மூன்று வாட்சையும் காதோரம் வைத்து விரல் முட்டியால் தட்டினார்.

"மொதல் வாட்சு முதுகு பீங்கானுய்யா. டிங்குன்னு கோயில் மணியாட்டம் பேசுது. இது பொய் சொல்லாது. ரெண்டாவது சுமார். மூணாவது தகர டப்பா."

"அது டைட்டானியம், ராக்கெட்டுல போடறது."

"அப்ப ராக்கெட்டுக்கே கட்டி வுடு. எதுக்கு நீ கட்டிக்கினு திரியற?"

நடராசன் பஞ்சாயத்து வைத்தார். என் கை என் வாட்சுக்குச் சாதகமாகப் பேசும். ஆகவே மூன்றையும் ராஜாங்கத்தின் கையில் கட்டி நாடித் துடிப்பைப் பார்ப்பது என்று முடிவாயிற்று. வளையல்கடை மாதிரி அடுக்கினேன். முதல் தலைமுறை எழுபத்துநான்கு என்றது. இரண்டாவது யோசித்துக்கொண்டே இருந்தது. மூன்றாவது முப்பத்தாறு என்று காட்டிவிட்டு விர்ரென்று அதிர்ந்தது.

கடையே சிரித்தது. நானும்தான். "உள்ள ஆமை குடியிருக்குது ராஜாங்கம்" என்றேன்.

மூன்றையும் கழற்றி என் கையில் கட்டினேன். மூன்றும் ஒரே எண். நடராசன் கையில் கட்டினேன். மூன்றும் ஒரே எண். திரும்ப ராஜாங்கம் கை. எழுபத்திரண்டு, யோசனை, முப்பத்தைந்து, விர்.

எனக்குச் சிரிப்பு நின்றுபோனது. அதே நேரம் ராஜாங்கம் பெஞ்சைத் தடவிப் பிடித்துக்கொண்டு பொத்தென்று உட்கார்ந்தார். முகம் வெளிறிக் கிடந்தது.

"என்னாய்யா?"

"ஒண்ணுமில்ல. வெயிலு."

தை மாதம், காலை ஏழு மணி. எதிரே ஸ்டேஷன் பனியில் பாதிதான் தெரிந்தது. போன வாரமும் அவர் இப்படித்தான் நடுரோட்டில் நின்று, வெயில் என்று சொன்னது ஞாபகம் வந்தது.

வீட்டுக்கு வந்து ஆண்டாளிடம் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்த என் மனைவி தலை நிமிரவில்லை.

"போன மாசம் வேப்பூர்ல பூகம்பம்னு அந்த வாச்சிதான் சொல்லுச்சின்னீங்க."

"அது லாரி போன அதிர்வு."

"அதையேதான் நானும் சொல்றேன்" என்றாள்.

ராஜாங்கம் டீக்கடையில் இருக்கும் நேரமாகப் பார்த்து அவர் மனைவி வாசுகியிடம் போனேன். விஷயத்தைச் சுருக்கமாகத்தான் சொன்னேன். ஆனால் என் வாய்க்குச் சுருக்கம் பழக்கமில்லை. "இருதயம் நின்னு நின்னு அடிக்குது, ரெண்டு அடிக்கு நடுவுல ஒரு டீயே குடிச்சிடலாம்" என்று வந்துவிட்டது. வாசுகி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது.

"அண்ணே, மணிமுத்தாத்துல முதலைன்னு சொன்னீங்க. ஒரு மாசம் நான் ஆத்துப் பக்கமே போவல. கடசில பாத்தா உடும்பு."

"அது முதலை சைஸ் உடும்பு தங்கச்சி. இது நெசம். சத்தியமா நெசம்."

என் முகத்தைப் பார்த்ததும் அதன் சிரிப்பு மெல்ல இறங்கியது. தானும் பார்த்துக்கொண்டுதான் இருப்பதாகச் சொன்னது. குளித்துவிட்டு வரும்போது சுவரைப் பிடிக்கிறாராம். சாப்பிடும்போது கை பாதியில் நிற்கிறதாம்.

"ஆனா ஆஸ்பத்திரின்னா வர மாட்டாருண்ணே. அவங்க அண்ணன் விருத்தகிரி கால் வீக்கம்னு தானா நடந்து உள்ள போனாரு. பொணமா வேன்ல வந்தாரு. அன்னையிலேர்ந்து இவரு அந்தத் தெருவுலயே போறதில்ல. மாத்திரை வாங்கக்கூட சுத்திக்கினுதான் போறாரு. நான் கெஞ்சினா கத்துவாரு. நீங்க சொன்னா சிரிப்பாரு."

வாழ்நாளெல்லாம் ஊரையே நம்ப வைத்தவன் நான். நடராசனின் பாலில் பசும்பால் இருக்கிறதென்று கடலூர்க்காரர்களை நம்ப வைத்திருக்கிறேன். ஒரே ஒரு உண்மையை விற்க முடியாமல் முழித்தேன். ராஜாங்கத்துக்குப் பயம் காட்டினால் ஓடுவார். அறிவு சொன்னால் எதிர்த்துப் பேசுவார். அவர் ஓடி வருகிற இடம் ஒன்றுதான்: என்னைத் தோற்கடிக்க வேண்டிய இடம்.

மறுநாள் டீக்கடையில் மூன்றாம் தலைமுறையைக் கழற்றி மேஜைமேல் வைத்தேன்.

"நடராசா, ராஜாங்கம் சொன்னதுதான் சரி. இது தகர டப்பா."

டீ ஆற்றிக்கொண்டிருந்த நடராசன் ஆற்றுவதை நிறுத்தினார். நான் தோற்றதை அந்தக் கடை பார்த்ததில்லை.

"மாப்ளைகிட்ட சொன்னேன். கம்பெனி மேல கேசு போடலாம், ஆனா ஆதாரம் வேணுங்கறாரு. ஆஸ்பத்திரி மெசின்ல ஒரு தடவ எடுத்து, இது தப்பா காட்டுதுன்னு ஒரு பேப்பர் வாங்கணும். எங்கையில எடுத்தா ஆவாது. எங்கையில இது யோக்கியமாத்தான் இருக்குது. உங்கையிலதான் பொய் சொல்லுது ராஜாங்கம்." பிறகு வாட்சை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "நீ வர மாட்ட. பரவால்ல. நான் தோத்ததாவே இருக்கட்டும். ஆனா ஆதாரமில்லாம தோத்தது செல்லாது" என்றேன்.

ராஜாங்கம் டீயைக் கீழே வைத்தார்.

"பேப்பர்ல எழுதிக் குடுப்பாங்களா?"

"கையெழுத்தோட."

"அத இந்தக் கடையில மாட்டணும்."

"ஃபிரேம் போட்டு மாட்டறேன்."

வீட்டுக்குப் போய் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் திரும்பி வந்தார். கையில் முதல் தலைமுறை. என் அனுமதி இல்லாமலே அதைத் தத்தெடுத்திருந்தார். ஷேர் ஆட்டோவில் போகும்போது மூன்றாம் தலைமுறையை நான் வாய்க்கு வந்தபடி திட்டினேன். பெங்களூரில் ஒருவன் இதைப் புளியமரத்தில் கட்டினானாம், மரத்துக்கு ரத்தக்கொதிப்பு என்று சொன்னதாம். ராஜாங்கம் தொடையில் தட்டிச் சிரித்தார். ஆஸ்பத்திரி இருக்கும் தெருவுக்குள் ஆட்டோ திரும்பியபோது அந்தச் சிரிப்பு அறுந்தது. என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். பிடி இறுகியிருந்தது, விரல்கள் சில்லென்றிருந்தன. இறங்கித் திரும்பிவிடுவோமா என்று கேட்டிருந்தால் நான் சரியென்று சொல்லியிருப்பேனோ என்னவோ. அவர் கேட்கவில்லை.

கட்டிலில் படுக்க வைத்து நெஞ்சிலும் கை காலிலும் ஒயர் மாட்டினார்கள். "சீக்கிரம் எடும்மா, கடையில ஆளுங்க காத்துக்கினு இருக்காங்க" என்றார் ராஜாங்கம். நர்ஸ் பெண் சிரித்துக்கொண்டே பொத்தானை அழுத்தியது. தாள் கோடு போட்டபடி வெளியே வந்தது. அந்தப் பெண் தாளைப் பார்த்தது, ராஜாங்கத்தைப் பார்த்தது, தாளைக் கிழிக்காமலே வெளியே நடந்துபோனது. நடையில் வேகம் இருந்தது.

டாக்டர் இளமதி வந்தார். என் மகள் வயதுதான் இருக்கும்.

"ஐயா, தலை சுத்தி உக்காந்துடறீங்களா?"

"வெயிலும்மா."

"இல்லீங்கய்யா. இருதயத்துல மேல் பாதியிலேர்ந்து கீழ் பாதிக்குப் போற கரண்ட் அறுந்துபோச்சு. கீழ் பாதி தன்னால மெதுவா அடிச்சிக்கிட்டு இருக்குது. முப்பத்தஞ்சுதான் இருக்கு. எப்ப வேணா நின்னுடலாம். பாண்டிச்சேரிக்கு அனுப்பறேன். இன்னைக்கே பேஸ்மேக்கர் வைக்கணும்."

ராஜாங்கம் தன் மணிக்கட்டைப் பார்த்தார். முதல் தலைமுறை எழுபத்துமூன்று என்றது. டாக்டர் எட்டிப் பார்த்தார். "பழசு. துடிப்பு இவ்ளோ கம்மியானா தடுமாறி ரெட்டிப்பா எண்ணிடும் போலிருக்கு" என்றார்.

ராஜாங்கத்தின் கண் வாட்சை விட்டு என் மேல் வந்தது.

"தெரிஞ்சிதான் கூட்டியாந்தியா?"

"ஆமா" என்றேன். என் வாயிலிருந்து வந்த வாக்கியங்களிலேயே சின்னது அதுதான்.

"எங்க அண்ணன் படுத்த ரூமு இதாய்யா. அந்த ஜன்னல்தான். அங்கதான் வாசுகி நின்னுக்கினு அழுதா." ஒயரைப் பிடித்துப் பிடுங்கினார். "வூட்டுக்குப் போறேன். சாவறதுன்னா எங்க வூட்டுல சாவறேன். நீ நல்லா இருய்யா."

காலைத் தரையில் வைத்து எழுந்தார். ஒரு அடி வைத்தார். அடுத்த அடி வைக்கவில்லை. கண் மேலே போய், அந்த வெள்ளைச் சட்டை அப்படியே என்மேல் சரிந்தது. நானும் அவரும் கட்டிலோடு சாய்ந்தோம். டாக்டர் அவர் நெஞ்சில் கையை வைத்து அழுத்த ஆரம்பித்தார். எத்தனை முறை அழுத்தினார் என்று எண்ணவில்லை. முதலைக்கும் பூகம்பத்துக்கும் வார்த்தை வைத்திருந்தவன், "ராஜாங்கம், ராஜாங்கம்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

கண் திறந்தார். முகத்தில் நிறம் கொஞ்சம் ஊறியது. கதவருகில் வாசுகி பையோடு நின்றது. ஆட்டோ ஏறும்போதே போன் செய்திருந்தேன். அவர் வாசுகியைப் பார்த்தார். பிறகு கூரையைப் பார்த்தார்.

"சரி, போலாம்" என்றார்.

ஆம்புலன்சில் அவர் தலைமாட்டில் வாசுகி, கால்மாட்டில் நான். மேலே ஒரு பெட்டி பச்சைக் கோடு வரைந்து கொண்டிருந்தது. ஒரு மலை வரும், அப்புறம் நீளமாகச் சமவெளி, அடுத்த மலை வருமா என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்க வேண்டும். மந்தாரக்குப்பம் வந்தும் ராஜாங்கம் கண்ணைத் திறக்கவில்லை. என்னோடு இனிமேல் பேசவே மாட்டார் என்று நினைத்தேன். பேசாவிட்டாலும் பரவாயில்லை, அந்த மலைகள் வந்தால் போதும்.

"தேவநாதா" என்றார் கண்ணை மூடியபடி.

"சொல்லு."

"பயமா இருக்குதுய்யா. எதாவது அளந்து வுடு."

வாசுகி என்னைப் பார்த்துத் தலையசைத்தது.

"மாப்ள கையில நாலாம் தலைமுறை ஏறிடுச்சி" என்று ஆரம்பித்தேன். குரல் எனக்கே கேட்கவில்லை; செருமிக்கொண்டு மறுபடி ஆரம்பித்தேன். "அத கையில கட்டவே வேணாம். பக்கத்து வூட்டுல கட்டினாலே போதும், நம்ம வூட்டுல மணி காட்டும். புருஷன் பொண்டாட்டி சண்டைக்கு அரை மணி முன்னாடியே சைரன் ஊதும். சிங்கப்பூர்ல பாதிப் பேரு அந்தச் சைரன் கேட்டதும் சட்டைய மாட்டிக்கினு வெளிய கெளம்பிடறாங்களாம்."

"பொய்யி" என்றார்.

"மாப்ளையே கெளம்பினாரு. வெண்பா சொன்னா."

"உம் பொண்ணும் உன்ன மாதிரியே புளுகுவா." உதட்டோரம் லேசாக அசைந்தது. "அப்பறம்?"

பச்சைக் கோடு நீண்டுகொண்டே போனது. நான் வாயைத் திறந்தபடி நின்றுவிட்டேன். மலை வந்தது.

"ஏன் நிறுத்திட்ட?" என்றார்.

சொன்னேன். பெட்டியைப் பார்க்காமல் அவர் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டு சொன்னேன். வடலூர் தாண்டும்போது ஐந்தாம் தலைமுறையைத் தொடங்கியிருந்தேன்.