பூஜையன்று எழாத கோடு

“ஏனுங்க அம்மணி, இன்னைக்குமா வேல? மெஷினுக்கே லீவு உட்டாச்சுங்க,” என்று மதிலுக்கு அப்பாலிருந்து கேட்டார் மோட்டார் பட்டறைத் திருமலைசாமி.

“எங்க சாருக்கு இன்னும் ஒரே ஒரு கோடு வேணுமாங்ணா,” என்றாள் சண்முகப்ரியா, ஆய்வுக்கூடத்து ஜன்னலிலிருந்து.

ஆக்சைடுப் படலத்தில், கண்ணுக்கே தெரியாத அளவு மெலிசாக, ஒன்றையொன்று தொடாத இரண்டு கம்பிகள். ஒன்றில் மின்சாரம் விட்டால் அதில் ஓடும் எலக்ட்ரான்கள் பக்கத்துக் கம்பியின் எலக்ட்ரான்களையும் நெட்டித் தள்ளும். அந்தத் தள்ளலைத்தான் பதிவுக் கருவியின் பேனா தாளில் கோடாக ஏற்றிக் காட்டும். அவளுடைய முனைவர் பட்டம் அந்தக் கோட்டை நம்பித்தான். அதைப் பற்றிய கட்டுரையை வாசிக்கத்தான் பேராசிரியர் கோபாலசாமி டெல்லிக்கு ரயிலேறியிருந்தார்.

ஸ்விட்சைப் போட்டாள். பேனா அசையவில்லை. வயர்களைக் கழற்றி மாட்டினாள். அப்போதும் இல்லை. காலடியில் எப்போதும் இருக்கும் அதிர்வும் இன்று இல்லை என்பது அப்புறம்தான் உறைத்தது.

பட்டறைக்கும் கல்லூரிக்கும் மதிலோரத்தில் எர்த் குழி ஒன்றுதான்; மோட்டாரின் மின்கசிவு அது வழியாக இந்தப் பக்கமும் வரலாம். பட்டறை மூடும் நேரத்துக்கே ஆய்வுக்கூடத்தையும் பூட்டிவிடுவார்கள். மோட்டார் ஓடாத நேரத்தில் அவள் அளந்ததே இல்லை.

“அண்ணா, ஒரு நிமிஷம் மோட்டாரைப் போட்டுக் காட்டறீங்களா?”

“பொட்டு வெச்சுக் கும்பிட்டுப்போட்டுத் தொடலாமுங்களா? நாளைக்கு நல்ல நேரம் பாத்து ஓட்டறமுங்க. இந்தாங்க, பொரி.”

சாயங்காலம் சென்னையில் வண்டி மாறும்போது பேராசிரியர் ஃபோன் செய்தார்.

“கோடு வந்துச்சாம்மா?”

“வரலீங்க சார். இத்தன நாளும் வந்தது பட்டறை மோட்டாரோடதுன்னு நெனைக்கறனுங்க. கட்டுரைய வாசிக்க வேண்டாங்க சார்.”

“கருவி ஏதோ கெட்டிருக்கும். பொரியத் தின்னுட்டு ஊட்டுக்குப் போம்மா.”

“சார், கொஞ்சம் கேளுங்க...”

“அச்சடிச்சே குடுத்தாச்சு. வண்டி கெளம்புது.”

மறுநாள் விஜயதசமி. ஆக்சைடுத் துண்டையே எடுத்துவிட்டு, அந்த இடத்தில் அப்படித் தள்ளல் எழவே வழியில்லாத வெறும் செம்புக் கம்பிகளை மாட்டி வைத்திருந்தாள். மதிலுக்கு அப்பால் பூசணிக்காய் உடைந்தது. மோட்டார் உறுமியது.

பேனா எழுந்தது. அதே கோடு, அதே உயரம். ரயில் அப்போது நாகபுரியை நெருங்கியிருக்கும்.

“அம்மணி, உங்க மெஷினு ஓடுதுங்களா?”

“நல்லா ஓடுதுங்ணா,” என்றாள்.