ஜெபர்சன் பெயரில் நசுங்கிய கை

"என் பேரு ஜெபர்சன். வயசு இருபத்திரெண்டு. ஒரகடத்துல கம்பெனி வேலை, பென்னலூர்ல ரூம். என் கை..."

ஜெபர்சன் அந்த இடத்தில் மைக்கை நிறுத்தினான். திசையன்விளைப் பக்கம் அவர்கள் ஊர்ச் சபையின் ஜெபக்குழுவுக்கு விண்ணப்பம் அனுப்புகிறவர்கள் பேர், வயசு, இருக்கிற இடம் மூன்றையும் முதலில் சொல்லிவிட வேண்டும். செல்போனில் வருவதையெல்லாம் அக்கா ஜூலிதான் சபையில் வாசித்துக் காட்டுவாள். ஜெபர்சன் பேசப் பேச போனில் எழுத்து தானாக விழுந்தது. பதினாறு நாளாக வீட்டுக்கு இப்படித்தான் எழுதுகிறான். கையில் கட்டுப் போட்டவன் வேறு எப்படி எழுதுவான் என்று அங்கே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அவன் கையில் ஒரு கீறல்கூடக் கிடையாது.

நசுங்கியது அமலனின் கை.

அமலன் வாலாஜாபாத்துக்காரன், கத்தோலிக்கன், அதே கம்பெனியில் வேலை, அதே ரூமில் படுக்கை. சனிக்கிழமை சாயங்காலமே பூசை பார்த்துவிடுவான், ஞாயிறு சும்மா இருப்பான். ஜெபர்சனுக்கு ஞாயிறு காலை ஷிப்ட் விழுந்தால், அவனுடைய கேட் கார்டைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அமலன் போவான். பிறகொரு நாள் அமலனுக்காக இவன் போவான். ஹெல்மெட்டும் மாஸ்க்கும் போட்ட முகத்தை கேட்டில் யாரும் பார்ப்பதில்லை, கார்டைத்தான் பார்ப்பார்கள். இங்கே அவன் போகும் பாஸ்டர் ஜீவானந்தத்தின் சபையில் வாலிபர்கள் பாதிப் பேர் இப்படித்தான் ஆராதனைக்கு வந்துகொண்டிருந்தார்கள்.

மாதத்தின் முதல் ஞாயிறு, திருவிருந்து. முழங்காலில் நின்ற ஜெபர்சனின் உள்ளங்கையில் அப்பத்தை வைத்தார் பாஸ்டர். "உன் இடத்துல ஒருத்தர் நின்னாரு. உனக்கு விழ வேண்டியது அவர் மேல விழுந்துச்சு. நம்பி வாங்கிக்கோ." அவனும் வாங்கிக்கொண்டான். வெளியே வந்து போனைத் திறந்தால் பதினொரு மிஸ்டு கால். பிரஸ் மெஷின் இறங்கி அமலனுக்கு இரண்டு விரல் போயிருந்தது. சூப்பர்வைசர் தசரதன் கார்டைப் பார்த்து ஜெபர்சன் என்று எழுதி, அதே பேரில் இன்சூரன்ஸ் ஆஸ்பத்திரியில் சேர்த்து, ஊரில் அம்மாவுக்கும் போன் போட்டுச் சொல்லிவிட்டிருந்தார். ஆள் மாறியது தெரிந்த பிறகும் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் முதலில் போவது அவர் வேலை.

ஜெபர்சன் பாஸ்டரிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினான்.

பாஸ்டர் வேதாகமத்தை மூடி வைத்தார். பிறகு, "தம்பி, பரிகாரம் சிலுவையிலயே முடிஞ்சிடுச்சு. நீ மறுபடி சுமக்கணும்னு இல்ல" என்றார்.

"ஐயா, அது ஆண்டவருக்கும் எனக்கும். அமலன் அண்ணனுக்கு?"

"நீ இப்ப போயி சொன்னா யாருக்கு இன்னா லாபம்? நம்ம புள்ளைங்க இருபது பேரு கார்டு மாத்திகினுதான் வர்றாங்க. கம்பெனிக்காரன் அத்தினி பேரையும் வெளிய தள்ளுவான். சபையே காலியாயிடும்."

அவர் நல்ல மனிதர். சொல்லும்போது அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரியில் அமலன் இடது கையால் இட்லியைப் பிட்டுக்கொண்டிருந்தான். கட்டிலின் தலைமாட்டில் தொங்கிய அட்டையில் ஜெபர்சன் என்று எழுதியிருந்தது.

"வாப்பா ஜெபர்சா. உன் கை எப்டி கீதுன்னு பாக்க வந்தியா?"

"அண்ணே, சும்மா இருங்கண்ணே."

"இன்னா சும்மா? நர்ஸம்மா ஜெபர்சன்னு கூப்டுது, நான் ஆங்ன்றேன். உங்க பாஸ்டரு இன்னா சொன்னாரு?"

"நம்ம இடத்துல இயேசு நின்னாருன்னு சொல்லுதாரு."

"அவரு தெரிஞ்சே போயி நின்னாரு. நான் ஷிப்டு முடிஞ்சு பிரியாணி துண்ணலாம்னு போனேன்டா." சிரிக்கப் பார்த்தான், வலி விடவில்லை.

"உங்க சாமியார்கிட்ட வந்து செஞ்ச பாவத்தச் சொல்லி பாவசங்கீர்த்தனம் பண்ணட்டுமா?"

"நீ வேற சபை, அவரு கேப்பாரான்னே தெரில. கேட்டாலும் எடுத்தத திருப்பிக் குடுன்னுவாரு. ரெண்டு வெரல எங்கேருந்து குடுப்ப?"

ஜெபர்சன் தலையைக் குனிந்துகொண்டான். அமலன் குரலைத் தணித்தான். "கம்பெனில சொல்லித் தொலைக்காத. இன்னொரு ஆபரேசன் கீது. ஆள் மாறுனது தெரிஞ்சா நிறுத்திடுவாங்க. அப்பால இந்த மீதிக் கையும் வெளங்காது."

இன்று மத்தியானம் தசரதன் கூப்பிட்டார்.

"நாளைக்கி பத்து மணிக்கு டாக்டருங்க கமிட்டி கையப் பாக்குது. ஆதாரும் கைரேகையும் கேப்பாங்க. அது ஓகே ஆனாதான் ஆபரேசன்."

"சார், அமலன் அண்ணன் போனா ரேகை சேராதே. நான் போனா கை முழுசா இருக்கே."

"அது எனக்குத் தெரியாதுப்பா. ஜெபர்சன் வரணும். யாரு ஜெபர்சன்னு நீங்களே பேசி முடிவு பண்ணிக்கங்க." போனை வைத்துவிட்டார்.

அதிலிருந்து அவன் பாயில் உட்கார்ந்தே இருக்கிறான். ஜெபிக்கக் கண்ணை மூடினான். எந்தப் பேரைச் சொல்லி ஆரம்பிப்பது என்று பிடிபடவில்லை. அப்போதுதான் ஜூலியிடமிருந்து குரல் செய்தி வந்தது: "தம்பி, அம்மை மூணு நாளா பச்சத்தண்ணி குடிக்கல. என் பிள்ள கை கூடுற வரைக்கும் உபவாசம்னு நம்ம சபைக் கோயில்ல உக்காந்திருக்கா. நீ சொன்னாதான் கேப்பா."

ஜெபர்சன் பாதியில் நிறுத்தியிருந்த விண்ணப்பத்தை அழித்தான். மறுபடி மைக்கைத் தொட்டு, நிறுத்தாமல் பேசினான். கார்டு மாற்றியது, அமலன் விரல், பாஸ்டர் சொன்னது, எல்லாம் விழுந்தது. திருத்தாமல் அப்படியே ஜூலிக்கு அனுப்பினான். கடைசியில் இப்படி இருந்தது:

"நாளைக்கு நாங்க ரெண்டு பேரும் போறோம். நான் உண்மையச் சொல்லிருவேன். அமலன் அண்ணன் வேண்டாம்னுதான் சொல்லுதாரு. ஆபரேசன் நடக்குமா, அவர் கை என்னாகும், எனக்கு ஒண்ணும் தெரியல. நான் செய்யுதது சரியான்னும் தெரியல. இத வாசிக்கிறவங்க யாராவது இப்பமே கோயிலுக்குப் போயி, எங்க அம்மாவ ஒரு வாய் சாப்பிட வையுங்க."